தமிழில் மருத்துவம் பயிற்றிய டாக்டர் கிறீன்

நோய் தீர்க்கும் முயற்சிக்கு நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் நான்கும் இன்றியமையாதன என்று வள்ளுவனார் வகுத்துச் சென்றனர். இந்நான்கினையும் ஒன்றோடொன்று இணைத்து நிற்பது யாது என ஆராய்வோமாயின், அது மொழியே என்பது புலனாகும். நோயாளி தன் துன்பத்தை எடுத்துரைப்பது மொழியால். மருத்துவன் பத்தியம் கூறுவது மொழியால். உதவுவோன் மருந்தின் அளவும் வேளையும் அறிந்து கொடுப்பதும் மொழியால். அம்மொழி இவர்களுக்குள் பொதுவாய் அமையாதவிடத்து, மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் அதன் பயன் குன்றுதல் திண்ணம். இவ்வுண்மையை வாயளவிற் கூறி அமையாது, தம் வாழ்நாளின் பணியாகவே மேற்கொண்டு, நம் தாய்மொழியில் மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றிய அமெரிக்கப் பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் வுஸ்டர் என்பது ஒரு நகரம். அந்நகரைச் சார்ந்த கிறீன் ஹில் என்னும் பண்ணை வீட்டில் 1822 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள் நம் பெரியார் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞர். குடும்பம் பெரிது, தெய்வபக்தியும் கல்வியும் நிறைந்தது. இவருடைய உடன்பிறந்தார்களுள் ஒருவர் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன். நியூயார்க் நகரின் பெரும் பூங்காவை அமைப்பதிலும், சிதறிக் கிடந்த ஊர்களை ஒன்றாக்கி அப்பெருநகரை உருவாக்குவதிலும் தலைநின்று உழைத்தவர் அவர். ஒருவர் நகரத்தைத் திட்டமிட்டார். மற்றவரோ தம் பெயரையும் கேட்டறியாத ஒரு மக்களின் மொழியில் ஒரு கலையைத் திட்டமிட்டார்.

இளைஞர் சாமுவேல் நியூயார்க்கில் இருந்த மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தொழில் நடத்தியிருப்பின் செல்வமும் புகழும் அவரைத் தேடி வந்திருக்கும். ஆயினும் அவருள்ளம் அவற்றை நாடவில்லை. நோயாளரைக் குணப்படுத்திய ஆண்டவரின் அடிச்சுவட்டிற் செல்லுதலே தமக்குரிய வழி எனத் துணிந்து, அமெரிக்க மிஷன் சங்கத்தாருக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். 1847 ஏப்ரல் திங்களிற் கப்பலேறி, அக்டோபரில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

முன்னோர் இட்ட அடிப்படை

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் 1816 ஆம் ஆண்டு முதலே பணியாற்றி வந்தனர். அவர்களுள் டாக்டர் ஜான் ஸ்கடர் 1820 இற் பண்டத்தரிப்பில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். அவர் பின்னர்ச் சென்னைக்குச் சென்றதும், அவர் மரபினர் பலர் தென்னாட்டில் மருத்துவத் தொண்டு புரிந்ததும் நம்மவர் நன்கறிந்தவை. 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பெற்ற செமினரி, ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் ஒருங்கே கற்பித்து, யாழ்ப்பாணத்துக் கல்வியின் நிலைக்களமாய் விளங்கிற்று. இத்தகைய நிலத்திலேயே கிறீன் தம் விதையை ஊன்றினார்.

1848 இல் அவர் மானிப்பாய்க்குக் குடிபுகுந்தார். அங்கே மருந்துச்சாலை அமைந்தது. அம்மருந்துச்சாலையே மருத்துவப் பள்ளியுமாயிற்று. செமினரியிற் பயின்ற இளைஞர் மூவரைக் கொண்டு வகுப்பு அவ்வாண்டிலேயே தொடங்கப்பெற்றது. கொழும்பில் அரசினர் மருத்துவப் பள்ளி திறக்கப்பெற்றது 1870 ஆம் ஆண்டில் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளின், மானிப்பாயின் முதன்மை நன்கு விளங்கும். ஒரு சிற்றூரில், ஒரே ஆசிரியரையும் ஒரு சில மாணவரையும் கொண்டு நடைபெற்ற பள்ளி, தலைநகரின் பள்ளிக்கு 22 ஆண்டுகள் மூத்தது.

தமிழ் கற்ற ஆசிரியர்

மாணவர்க்கு மருத்துவம் கற்பித்த கிறீன், தாமும் மாணவராய் அமர்ந்து முன்ஷியிடம் தமிழ் பயின்றார். வேற்று நாட்டு மருத்துவர் துபாஷியைக் கொண்டு நோயாளியுடன் பேசுதல் அந்நாளிற் பெருவழக்கு. ஆனால் நோவு என்பதற்கும் எரிவு என்பதற்கும், குத்து என்பதற்கும் உளைவு என்பதற்கும் உள்ள வேற்றுமையைத் துபாஷி சொல்லக் கேட்டு அறிதல் அரிது. தாய் ஒருத்தி தன் குழந்தையின் நோயைச் சொல்லும்போது, அவள் சொல்லாது விடுவனவும் பல உள. மொழியறிந்த செவிக்கே அவை எட்டும். ஆதலின், அவர் தமிழ் கற்றது பிரசங்கம் செய்தற்கு மட்டுமன்று. நோயறிதற்கும் அது கருவியாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தமிழில் நூல் வெளியிடும் முயற்சியும் இக்காலத்திலேயே தொடங்கிற்று. கட்டர் என்பார் எழுதிய உடல்நூலின் மொழிபெயர்ப்பு, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயருடன் 1852 இல் வெளிவந்தது. உடலின் அமைப்பு, அதன் தொழில், அதனைப் பேணும் முறை ஆகிய மூன்றையும் கூறுவது அது. 1857 இல் பிரசவ வைத்தியம் வெளியாயிற்று. முதலில் எடுத்துக்கொள்ளப்பெற்ற பொருள்கள் எவை என்பதை நோக்குக. ஒன்று, நோய் வாராமற் காக்கும் அறிவு. மற்றொன்று, தாயையும் சேயையும் காக்கும் அறிவு. வீடுதோறும் வேண்டப்படுவன இவையே அல்லவா?

ஆங்கில வகுப்பு காட்டிய குறை

முதற் பத்தாண்டுகளில் வகுப்பு ஆங்கிலத்தில் நடைபெற்றது. மாணவர் திறமுடையோர், நன்றாகவே தேறினர். ஆயினும் ஒரு குறை மெல்லத் தலைகாட்டிற்று. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். தீவின் பிற பகுதிகளுக்கும் வெளியிடங்களுக்கும் சென்றனர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. கல்விக்கேற்ற ஊதியத்தை விரும்புதல் இயல்பே. ஆனால் எவ்வூர் மக்களின் நோயை எண்ணி அவ்வகுப்புத் தொடங்கப்பெற்றதோ, அவ்வூரார் பண்டுபோலவே மருத்துவரின்றி இருந்தனர். கிணறு தோண்டியவன் கண்முன்னே நீர் அயலூர் வாய்க்காலில் ஓடியதுபோல் ஆயிற்று.

இக்குறையைக் கிறீன் ஆழ்ந்து சிந்தித்தார். பத்தாண்டு உழைப்பின்பின் விடுமுறை பெற்றுத் தாயகம் சென்றிருந்தவர், 1862 இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் மீண்டார். மீளும்போதே அவருள்ளத்தில் ஒரு துணிவு உருப்பெற்றிருந்தது. இனி மருத்துவம் தமிழில் கற்பிக்கப்படவேண்டும் என்பதே அது.

1864 ஆம் ஆண்டின் திட்டம்

தமிழ் வழி வகுப்பு 1864 இல் தொடங்கிற்று. எளிதாகச் சொல்லிவிட்டோம், ஆயின், அதனைத் தொடங்குதற்கு எத்தனை தடைகளைக் கடக்கவேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது தடை, நூலின்மை. உடற்கூறு, அறுவை, நோய்நிலை, மருந்துச்சரக்கு, இரசாயனம் ஆகிய துறைகளில் மேனாட்டு முறையில் எழுந்த பெருநூல்கள் தமிழில் இல்லை. இரண்டாவது தடை, சொல்லின்மை. நூல் எழுதப் புகின், நரம்பும் நாளமும் தசையும் சவ்வும் ஆகிய ஒவ்வொன்றின் நூற்றுக்கணக்கான உட்பிரிவுகட்கும் பெயர் வேண்டும். மூன்றாவது தடை, மாணவரின் மனநிலை. ஆங்கிலமே உத்தியோகத்தின் வாயில் என்று எண்ணிய காலத்தில், அவ்வாயிலை அடைத்துவிட்டுத் தமிழில் கற்க வருக என அழைத்தால், பெற்றோரும் பிள்ளைகளும் தயங்குதல் இயல்பே.

இத்தடைகள் நீங்குங்காறும் அவர் காத்திருந்தாரல்லர். கற்பித்தலும் நூலாக்கமும் ஒரே காலத்தில் நடைபெறுமாறு வகுத்துக்கொண்டார். வகுப்பிற்கு வேண்டிய நூலை வகுப்பிற் பயின்றோரே மொழிபெயர்த்தனர். முன்னர் ஆங்கிலத்தில் தம்மிடம் கற்ற டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மருத்துவர்கள் இப்பணியில் அவருக்குக் கைகொடுத்தனர். இப்பெயர்களைக் கண்டு இவர்களை மேனாட்டார் என மயங்கற்க. செமினரி மாணவர்க்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயரை இடுதல் அந்நாள் வழக்கம். இவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரே. மாணவர் மொழிபெயர்ப்பர், ஆசிரியர் அதனை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவர். இவ்வாறு ஒரே மேசையில் நூலும் மருத்துவரும் உருவாயினர்.

சொற்களும் நூல்களும்

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கையாண்ட நெறி தமிழ் பயிலும் நமக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. தமிழில் ஏற்ற சொல் வழங்குமாயின் அதனையே கொள்ளுதல். இல்லாதவிடத்து வடசொல்லை நாடுதல். அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்து எழுதுதல் என்பது அம்முறை. இவ்வாறு தெரிந்தெடுத்த சொற்களைத் துறைவாரியாகத் தொகுத்து அகராதிகளாகவும் வெளியிட்டார். ஒரு சொல் ஒரு நூலில் ஒரு பொருளும் மற்றொரு நூலில் வேறு பொருளும் தருமாயின், மருத்துவத்தில் அது வெறும் இலக்கணப் பிழையாய் நில்லாது. உயிருக்கே ஊறாய் முடியும். ஆகலின் அகராதி அவருக்கு அலங்காரமன்று, காவல்.

1867 இல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1872 இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் இரு பெருநூல்கள் வெளியாயின. அங்காதிபாதம், கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவியது. 800 பக்கங்களுக்கு மேற்பட்டது. வைத்தியாகரம், பெயருக்கேற்ப, மருத்துவப் பொருளெல்லாம் தோண்டி எடுத்தற்குரிய சுரங்கம் போன்றது. 1875 இல் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. 1883 இல் மனுஷ சுகரணம் வெளிவந்தது. இந்திய மருந்துச்சரக்குகளைப்பற்றிய இந்து பதார்த்த சாரம், அவர் மறைந்தபின் 1888 இல் வெளியாயிற்று. இவையனைத்தும் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்படும்.

இன்று நாம் அங்காதிபாதத்தை உடற்கூற்றியல் என்றும், இரண வைத்தியத்தை அறுவை மருத்துவம் என்றும், கெமிஸ்தத்தை வேதியியல் என்றும் வழங்குகின்றோம். அவர் ஆக்கிய சொற்களுட் பல வழக்கொழிந்தன. வடசொற் கலப்பு மிகுதி என்று கூறுவாரும் உளர். அக்கூற்றில் உண்மையும் உண்டு. ஆயினும், பிற்காலத்தார் இதனினும் நல்ல சொல் காண முடிந்தது, முன்னொரு சொல் அங்கே இருந்தமையாலன்றோ? வெற்றிடத்தைத் திருத்துதல் எவர்க்கும் இயலாது.

ஊரார்க்கு உரைத்த மருத்துவம்

பெருநூல்கள் மாணவர்க்கு, ஊரார்க்கு வேண்டுவது சிறு பிரசுரம். ஆதலின் கிறீன் எளிய தமிழிற் சிற்றேடுகளையும் வெளியிட்டார். 1866, 1867 ஆம் ஆண்டுகளில் பேதி என்னும் கொள்ளைநோய் யாழ்ப்பாணத்தை வாட்டிற்று. அந்நோயின் கிருமி இன்னதென்று மருத்துவ உலகம் தெளிவாக ஒப்புக்கொள்ளாத காலம் அது. கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனைக் கண்டு நிறுவியது 1880 ஐ அடுத்த ஆண்டுகளிலேயாம். அத்தகைய காலத்தில், தூய்மையைப்பற்றியும் நோயாளியைப் பேணும் வகையைப்பற்றியும் மக்கள் மொழியிற் சொல்லுதலே மருத்துவனால் இயன்ற பேருதவியாகும். தெருவில் அச்சம் பரவும்போது தெரியாத மொழியில் ஒட்டப்படும் அறிவித்தல் சுவரையன்றி வேறெவரையும் அடையாது.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தம் மாணவர் கிறிஸ்தவராதலை அவர் விரும்பினார். அதனை அவர் மறைத்ததில்லை. ஆனால் அவர்கள் உடையிலும் நடையிலும் மேனாட்டாராக மாறுதலை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருந்து தமிழர்க்கு ஊழியம் செய்யவேண்டும் என்பதே அவர் கருத்து. மிஷனரிமார் அனைவரும் மேனாட்டு நாகரிகத்தைப் புகுத்த வந்தவரே எனக் கருதுவார்க்கு இவர் வாழ்க்கை ஒரு மறுமொழியாகும். கிறிஸ்தவனாவதற்கு அயலானாதல் வேண்டும் என எண்ணுவார்க்கும் அஃதே மறுமொழி.

இறுதி நாட்கள்

இடையறா உழைப்பு அவர் உடலை நலியச் செய்தது. 1873 இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். அதற்குள் ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறியோர் 60 பேருக்கு மேற்பட்டிருந்தனர். ஊர் திரும்பியும் அவர் ஓய்வு கொள்ளவில்லை. வுஸ்டரின் பனிபடர்ந்த குன்றின்மேல் அமர்ந்து, மானிப்பாய்ப் பிள்ளைகளுக்கு வேண்டிய தமிழ் நூல்களில் உழைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் தமிழ் பேசுவார் ஒருவரும் இல்லாத ஊரில், தமிழ்ச் சொல்லொன்றைத் தேடி இரவு விழித்திருந்த அம்முதியவரை நினைக்குந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது. 1884 மே 28 ஆம் நாள், பிறந்த இல்லத்திலேயே அவர் இறைவன் திருவடி சேர்ந்தார். அவர் கல்லறை, அவரைத் தமிழர்க்கு மருத்துவ நற்செய்தியாளராய் இருந்தவர் என்றே குறிக்கின்றது. மானிப்பாயில் அவர் பெயரால் நிற்கும் மருத்துவமனை அவர் நினைவை ஈழத்திற் காக்கின்றது. மறதியில் ஆழ்ந்திருந்த அவர் பணியை, கவிஞர் அம்பி அவர்கள் ஆராய்ந்து நூலாக்கித் தமிழுலகிற்கு நினைவூட்டினார்கள்.

நாம் கற்கவேண்டுவது

இத்துணைப் பெரும் பணி ஏன் தொடர்ந்து நடைபெறவில்லை என்னும் வினா எழுதல் இயல்பு. கிறீன் அகன்றபின் தமிழ் வழி வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. அரசாங்கச் சான்றிதழும் உத்தியோகமும் ஆங்கிலத்தின் பக்கமே நின்றன. நூல் இல்லாமையால் தமிழ் மருத்துவக் கல்வி தளர்ந்தது என்று இனி எவரும் கூறவியலாது, நூல் இருந்தது. சொல் இல்லாமையால் என்றும் கூறவியலாது, சொல்லும் இருந்தது. கற்றவனுக்கு வாழ்வு தரும் ஏற்பாடே இல்லாதிருந்தது. மொழிப்பற்று மட்டும் ஒரு கல்வியை வாழ்விக்காது. அதனைத் தாங்கும் பொருளாதாரமும் வேண்டும். இவ்வுண்மையை மறைத்துவிட்டு அவரைப் புகழுதல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று.

எனினும் அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடிருக்கின்றது. தன் நோயின் பெயரை அயல்மொழியிற் கேட்டு, பொருள் விளங்காமலே தலையசைத்து, வெளியே வந்து மருந்துக் கடைக்காரரை வினவும் நோயாளர் இந்நாளிலும் பலர். படிக்க இயலாத தாளில் ஒப்பமிடுவாரும் உளர். மருத்துவம் கற்போர் ஆங்கிலத்திற் கற்கட்டும். அதனை நாம் தடுக்கவேண்டுவதில்லை. ஆயின் அவர் கற்றது நோயாளியின் செவியை அடையும்போது தமிழாய் அடைதல் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புதலில் தமிழ் மாணவர்க்கும் பங்குண்டு.

நம் தமிழ்ச் சங்கம் இதற்கென ஓராண்டை ஒதுக்கினால் என்ன? கிறீன் காட்டிய முறையே நமக்குத் திட்டமாகும். முதற் பருவத்தில், மக்கள் தம் நோய்களைக் குறிக்க வழங்கும் சொற்களை ஊர்தோறும் சென்று தொகுக்கலாம். இரண்டாம் பருவத்தில், அவற்றை மருத்துவ மாணவரோடு அமர்ந்து நூற்சொற்களோடு ஒப்பிட்டு, எது தெளிவு, எது மயக்கம் எனத் தேரலாம். மூன்றாம் பருவத்தில், அவ்வாறு தெளிந்தவற்றைச் சிற்றேடுகளாக்கி, மருத்துவம் பயில்வார்க்கும் ஊரார்க்கும் கற்பிக்கலாம். செய்யுளின் நயம் காண்பதற்கு மட்டுமன்றி, ஒரு தாய் தன் பிள்ளைக்கு மருந்தைப் பிழையின்றிக் கொடுத்தற்கும் நம் தமிழறிவு பயன்படுமாயின், அஃதன்றோ கற்றதனாலாய பயன்?

வேற்று நாட்டார் ஒருவர் 25 வயதில் நம் மொழியின் முதலெழுத்தைக் கற்கத் தொடங்கி, இவ்வளவு செய்து முடித்தார். அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகி, அதனையே சிறப்புப் பாடமாகவும் பயிலும் நாம் ஓராண்டு உழைத்தற்கு அஞ்சுதல் தகுமோ? அவர் தொடங்கிய பணி நம் கைகளால் தொடர இறைவன் அருள்வாராக.